பதினோரு நாள் தாண்டிய அட்டை

தொழிற்சங்கத்தில் பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். என் பர்சில் எப்போதும் இரண்டு அட்டைகள் இருக்கும். ஒன்று மாநில அரசு தந்தது. வேலையிடத்தில் உயிருக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தால், அதைக் காட்டி முன்னறிவிப்பு இல்லாமலே உள்ளே போகலாம். இன்னொன்று கான்பெராக்காரன், அதாவது ஆஸ்திரேலிய மத்திய அரசு, தந்தது. அது செல்லுபடியாக இருந்தால்தான் முதல் அட்டைக்கே மதிப்பு. ஒரு கதவுக்கு இரண்டு பூட்டு. எந்தப் புண்ணியவான் மூளையில் உதித்ததோ தெரியாது.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இரண்டையும் புதுப்பிக்க வேண்டும். மாநில அட்டையை வேளையோடு புதுப்பித்துவிட்டேன். கான்பெரா படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: நுழைவு விதிகளை மீறித் தண்டனை பெற்றதுண்டா? உண்டு. சம்பளத் தகராறு ஒன்றுக்காக நோட்டீஸ் கொடுக்காமல் ஒரு கிடங்குக்குள் போனதற்கு ஒருமுறை அபராதம் போட்டார்கள். அதை ஒவ்வொரு தடவையும் என் கையால் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நான் என்ன திருடனா? கோபத்தில் படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் வீசினேன். நாளடைவில் அதன்மேல் தக்காளி சாஸ் பாட்டில் குடியேறிவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு பார்னி போன் செய்தான். பார்னியும் நானும் ஒரே பள்ளத்தில் நின்று குழாய் பதித்தவர்கள். அவன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனும் நான்தான். இப்போது அவன் ஆள் அனுப்பும் கம்பெனி ஒன்றின் மூலம் டால்பியில் சாக்கடைக் குழாய் போடும் வேலையில் இருந்தான். மூன்று நாள் மழையில் கரிசல் மண் ஊறிக் கிடக்கிறது, பள்ளம் ஆள் உயரத்துக்கு மேலே போய்விட்டது, பக்கச் சுவருக்குத் தடுப்பே வைக்கவில்லை என்றான்.

"நான் வாயைத் தொறந்தா அடுத்த வாரம் கூப்பிட மாட்டானுங்க. நீ வந்து நிறுத்துடா, லைல்."

பிரிஸ்பேனிலிருந்து இரண்டரை மணி நேர ஓட்டம். வழியில் எங்கும் நிற்கவில்லை.

கேட்டில் மேனேஜர் ஸ்ட்ரான் இரண்டு அட்டைகளையும் வாங்கி, பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரி நிதானமாகப் படித்தார்.

"லைல், இது காலாவதியாகிப் பதினோரு நாளாச்சு," என்றார்.

மாநில அட்டை நன்றாகத்தானே இருக்கிறது என்று மல்லுக்கு நின்றேன். அது மட்டும் போதாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேலி இடுப்பு உயரம்தான். ஆனால் இன்னொருமுறை விதியை மீறினால் என் அனுமதியை ஒரேயடியாகப் பிடுங்கிவிடுவார்கள். கால் எழவில்லை. துவூம்பாவில் இருந்த அரசுப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டரைப் போனில் கூப்பிட்டேன். பன்னிரண்டு மணிக்குள் வருவதாகச் சொன்னார்.

பத்து மணி இடைவேளையில் பார்னி வேலியோரம் வந்தான். முழங்கால் வரை கறுப்புச் சேறு. பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி வேலிக்கு மேலாக நீட்டினான்.

"என்னடா, இதைத் தாண்ட உனக்கு இடுப்புப் பிடிப்பா?"

அட்டை விஷயத்தைச் சொன்னேன். திட்டுவான் என்று பார்த்தால் சிரித்தான்.

"என் கல்யாணத்துக்கு மோதிரத்தையே மறந்துட்டு வந்தவன்தானே நீ."

"பன்னெண்டு மணி வரைக்கும் இறங்காத, பார்னி. சொன்னா கேளு. முடியாதுன்னு சொல்ல உனக்கு உரிமை இருக்கு."

"உரிமை இருக்குடா, வேலை இருக்காதே." தோளைத் தட்டினான். "நீ கேட்லயே நில்லு. நீ நின்னாலே கொஞ்சம் ஜாக்கிரதையா இருப்பானுங்க."

மூடியைக் கழுவிவிட்டு, போனில் ஏதோ தட்டிக்கொண்டே போனான். நான் நின்றேன். அவன் சொன்ன இடத்திலேயே நின்றேன்.

பதினொன்று இருபதுக்கு மண் சரிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. பொக்லைன் ஓட்டுநர் அலறியதைக் கேட்டுத்தான் தெரிந்தது. ஸ்ட்ரானே ஓடி வந்து கேட்டைத் திறந்துவிட்டார். அப்போது யாரும் என்னிடம் அட்டை கேட்கவில்லை. மண்வெட்டியால் தோண்டினோம், பிறகு கையால் தோண்டினோம். அவன் முகம் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இன்ஸ்பெக்டர் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் முன்பே வந்துவிட்டார். சொன்ன சொல் காப்பாற்றிய மனிதர்.

அடக்கம் முடிந்து, சர்ச் கூடத்தில் சாண்ட்விச் தட்டுகள் சுற்றி வந்துகொண்டிருந்தன. பார்னியின் மனைவி நோலீன் என்னை ஓரமாக அழைத்துப்போய் அவளுடைய போனைக் காட்டினாள். பத்தே காலுக்கு வந்த செய்தி. 'லைல் வந்துட்டான். இனி கவலைப்படாதே.'

தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ உள்ள போயி எவ்வளவோ சொல்லிப் பார்த்திருப்பே. கேட்டிருக்க மாட்டானுங்க," என்றாள். "கடைசி நேரத்துல நீயாவது அவன் பக்கத்துல இருந்தியே. அது போதும் எனக்கு."

நான் தலையாட்டினேன்.