விமானத்தின் மூக்கில் ஒரு பொட்டு

…அதுவும் மூக்கில்தானா வைக்க வேண்டும், இறக்கை நுனியில் வைத்திருக்கலாம், வாலில் வைத்திருக்கலாம், ஓரத்தில் வெள்ளையாகக் கிடந்த தாளில் மூலைக்கு ஒன்றாக நாலு வைத்திருந்தால்கூடச் சட்டத்தை அகலமாகப் போட்டு மறைத்திருக்கலாம், அதெல்லாம் இல்லை, விசிறி சுற்றுகிற அந்த மூக்கின் நட்டநடுவில், முதலில் சந்தனம், அதன்மேல் குங்குமம்… அர்த்தனாரி மூங்கில் குழாயை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றிக்கொண்டான். குழாய்க்குள் அந்த விமானப் படம் சுருண்டு கிடந்தது. மலைமேல் தேவனூர் நாட்டிலிருந்து இறங்கத் தொடங்கி ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும், முழங்கால் இரண்டும் வலித்தன, முன்னால் மிளகு மூட்டையோடு போகிற சென்றாயனுக்கு மட்டும் காலே இல்லாததுபோல அப்படி ஓர் இறக்கம். ஆயுத பூசை முடிந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது, இன்னும் இதையே நினைத்துக்கொண்டு நடக்கிறோமே, வேறு நினைப்பே இல்லையா… இல்லைதான். அன்றைக்கு எஸ்டேட் ஆபீசில் ரைட்டர் வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டு நின்றபோது மனைவி அம்சவேணி என்ன சொன்னாள், "ஏனுங்க, வண்டிக்கு வெக்கறதில்லீங்களா? அருவாளுக்கு வெச்சேன், தராசுக்கு வெச்சேன், உங்க பேனாப் பொட்டிக்கு வெச்சேன், ஏரோப்பிளேன் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு" என்றாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள் அவளாகவே களி உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு, "படத்துக்கு வாயிருந்தா அதுவாச்சும் எங்கூடப் பேசியிருக்கும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

படத்துக்குக் கண்ணாடி போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை. கண்ணாடிக்குச் சேலத்துக்கு எழுதினான், அந்த வருடத்து ஏழாம் எண் கடிதம், நகல் அவனிடம் இருக்கிறது, கண்ணாடியும் வந்தது, வந்த கண்ணாடியை வைக்கோலில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு ஏறிய ஆள் பாதி மலையில் வழுக்கி உட்கார்ந்தான், கண்ணாடி தூளானதோடு சரி. அதனால்தான் படம் வெறும் சட்டத்தில் தொங்கியது. எல்லாவற்றையும் முறையாகச் செய்கிறவனுக்குத்தான் இப்படி நடக்கிறது. சேந்தமங்கலத்துப் பள்ளிக்கூடத்தில் படித்ததிலிருந்து அவன் போடும் கடிதம் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, தேதி உண்டு, நகல் உண்டு, அதேபோலத்தான் படங்களுக்கும். யுத்தம் தொடங்கியதிலிருந்து சேர்த்தவை முப்பத்தொரு அச்சுப் படங்கள், யுத்தப் பிரசார ஆபீசிலிருந்து வந்தவை, வாரப் பத்திரிகைகளின் நடுத்தாள்கள், இரண்டு காலண்டர், எல்லாம் போர் விமானங்கள், எல்லாம் அம்சவேணி சீராகக் கொண்டுவந்த தகரப் பெட்டிக்குள், அவள் புடவைகளெல்லாம் கொடிக்கு ஏறிவிட்டன. "அச்சடிச்ச காயிதத்துக்கு எம்பட பொட்டி" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள். முப்பத்திரண்டாவதுதான் இது. நாற்பத்து நாலில் எஸ்டேட்டின் பெரிய பங்களாவுக்குக் கால் முறிந்து விருந்தாளியாக வந்து கிடந்த விமானக்கார வெள்ளைக்காரன், தன் தபால்களை ஒழுங்காகச் சேர்ப்பித்ததற்காகப் போகும்போது ஒரு சுருள் கொடுத்துவிட்டுப் போனான், உள்ளே அந்த முப்பத்தொன்றில் சேர்ந்துவிட்ட நாலு அச்சு, நடுவில் ஒரு ஹரிகேன் விமானம், மேகத்தைக் கிழித்துக்கொண்டு சாய்ந்து திரும்புகிறது. மற்ற நாலையும் பூதக்கண்ணாடியில் பார்த்தால் புள்ளி புள்ளியாக அச்சு தெரிந்தது, இதில் புள்ளியே இல்லை. கையால் வரைந்தது, ஒரிஜினல். சொன்னால் யார் நம்புகிறார்கள், அவள் நம்பவில்லை, "நீங்க நெனச்சாப் போதுமா, தெரிஞ்சவங்க ஆராச்சும் சொல்லோணுமல்ல" என்றாள். அதற்காகத்தான் இன்றைக்கு இந்த இறக்கம். தெரிந்தவர் எழுதிக் கொடுத்த கடிதத்தை அவள் முன்னால் வைக்க வேண்டும், அவளே எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும், பெட்டியைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை… ஆனால் அந்த மூக்கு. டிராயிங் வாத்தியார் ரொட்டித் துணுக்கால் பென்சில் கோட்டை அழிப்பார் என்று ஞாபகம் வைத்து, பங்களா சமையல்காரனிடம் ரொட்டி வாங்கித் தேய்த்தான், போகவில்லை, பிறகு ஈரத்துணி, கொஞ்சம்தான், மெதுவாகத்தான், ஆனால் சிவப்பும் சாம்பலுமாக ஈஷிக்கொண்டு விசிறி வரைக்கும்… அதை இப்போது நினைக்க வேண்டாம்.

அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் சென்றாயன் சந்தைக்குத் திரும்பிவிட்டான், வெயில் சாய்வதற்குள் வந்தால் சேர்ந்து ஏறலாம் என்றான். அந்தத் தெரிந்தவர், பொங்கியண்ணன், வீட்டில்தான் இருந்தார். யுத்தம் முடியும்வரை வங்காளப் பக்கம் ஒரு விமானத் தளத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்து வந்தவர், இவனைப் போலவே படம் சேர்க்கிறவர், ஆனால் இவனைப் போலத் தடவித் தடவி அல்ல, ஓரம் வெட்டிய அச்சுக்கு மதிப்பில்லை, நடுவில் மடித்ததற்குப் பாதி மதிப்பு, கையெழுத்து இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒரு விலை என்று கடிதத்திலேயே பாடம் நடத்தியவர். இப்போது ஜன்னலோரம் படத்தை விரித்து நாலு மூலைக்கும் நாலு புளியங்கொட்டைப் பையை வைத்துவிட்டுக் குனிந்தவர் நிமிரவேயில்லை. திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார், தாளை விரல் நகத்தால் சுண்டினார். எவ்வளவு நேரம் பார்ப்பார் மனிதர், மூக்கைப் பார்த்துவிட்டாரா, பார்த்தும் சொல்லாமல் இருக்கிறாரா, நாமே முந்திக்கொண்டு பொட்டைச் சொல்லிவிடலாமா, சொன்னால் சிரிப்பாரா… சொன்னான். பொங்கியண்ணன் சிரிக்கவில்லை. "பொட்டு வெச்சதுல ஒன்னும் கெட்டுப்போகலீங்க ரைட்டரே. உட்டிருந்தீங்கன்னா ஆயுத பூசை கண்ட ஹரிகேன்னு அதுக்கே ஒரு மதிப்பு இருந்திருக்கும், நானே கேட்டிருப்பேன். தொடச்சதுதானுங்க கெடுதல்." விரலால் காட்டினார். "அச்சா இருந்தாத் தொடச்சாக் குங்குமம் மட்டும் போயிருக்கும். இங்க பாருங்க, வர்ணமே எந்திரிச்சு வந்துருச்சு, அடியில பென்சில் கோடு தெரியுதுங்களா? கையில போட்டதுங்க. ஒரிஜினல்தான், சந்தேகமில்லை."

ஒரிஜினல்தான். இரண்டு வருடமாகக் கேட்க நினைத்த சொல், கேட்டாயிற்று, ஆனால் எங்கே போய் ஒட்டிக்கொண்டது பார், அந்த ஈஷலில், துடைத்ததால்தான் தெரிந்தது, துடைத்ததால்தான் கெட்டது, இதற்குச் சந்தோஷப்படுவதா… "எழுதிக் குடுத்துருங்க, தமிழ்லயே இருக்கட்டுங்க, ஊட்டுக்காரி படிக்கோணும்" என்றான். பொங்கியண்ணன் தாளை எடுத்துக் கோடு போட்டார். விமானத் தளத்துப் பழக்கம், எந்தச் சாமான் ஆனாலும் சேதம் என்றால் மூன்று கட்டம் நிரப்பாமல் அவர் கை கையெழுத்துப் போடாது, சேதம், காரணம், யாரால். முதல் கட்டம் எழுதினார். இரண்டாவது, ஈரத்துணியால் துடைத்தது, எழுதினார். மூன்றாவதில் பேனாவை வைத்துக்கொண்டு, தலை தூக்காமல், "தொடச்சது ஆருங்க?" என்றார்.

"ஊட்டுக்காரிதானுங்க."

ஏறும்போது சென்றாயன் வெறும் சாக்கை மடித்துத் தோளில் போட்டிருந்தான், மிளகு நல்ல விலைக்குப் போயிருக்க வேண்டும், பேச்சாகப் பேசிக்கொண்டு வந்தான். "காயிதம் கெடச்சுதுங்களா?" கிடைத்தது. "அப்பறம் என்னங்க மூஞ்சி சுண்டிக் கெடக்குது, அம்மணிகிட்டக் காட்டிப்போட்டுக் கோழியடிக்கச் சொல்லுங்க, நானும் வாரேன்." கடிதம் சட்டைப் பைக்குள் இருந்தது, நாலாக மடித்தது, மடிக்காமல் குழாய்க்குள்ளேயே வைத்திருக்கலாம், ஏன் மடித்தோம். மூன்றாவது கட்டத்தை மட்டும் கிழித்துவிட்டால்… அதற்கு நேர் கீழேதான் கையெழுத்து, கையெழுத்துப் போனால் வெறும் காகிதம். திரும்பிப் போய், தப்பாகச் சொல்லிவிட்டேன், நான்தான் என்று சொன்னால்… அந்த மனிதர் அப்படியே அடித்துத் திருத்தி, பக்கத்தில் தேதியும் போட்டுக் கொடுப்பார், திட்டக்கூட மாட்டார், அதுதான் இன்னும் கஷ்டம். இல்லை, அவள் கூட்டிப் படிக்கிறவள்தானே, மூன்றாவது கட்டம் வரைக்கும் வருவாளா… வருவாள், ஒரு எழுத்து விடமாட்டாள், விரல் வைத்துப் படிப்பாள், ‘மனைவி’ என்று அவர் எழுதிய சொல்லில் வந்து விரல் நிற்கும், பிறகு நிமிர்ந்து பார்ப்பாள். ஒரு கடிதத்தில் ஒரு பொய் எழுதியதில்லை இதுவரை, நானூற்றுச் சொச்சம் கடிதத்தில் ஒன்றுகூட இல்லை. பின்னே இது எப்படி வந்தது, பயந்தோமா, அவர் என்ன பெரிய துரையா, நாமே துடைத்தோம் என்றால் மதிப்புக் குறையுமா, ஒன்றும் குறையாது, பொட்டுக்குக் காரணம் அவள்தானே என்று நினைத்தோமா… அப்படிக்கூட நினைக்கவில்லையே. கேட்டவுடன் வந்தது. தேடவேண்டியிருக்கவில்லை. ஐந்து மாதமாக உள்ளே எழுதி எழுதி நகல் எடுத்து வைத்திருந்ததுபோல, கேட்ட மாத்திரத்தில், ஒரு திணறல்கூட இல்லாமல்… மேலே திருப்பத்தில் சென்றாயன் நின்று திரும்பிப் பார்த்தான், வாரீங்களா என்றான், அர்த்தனாரி அப்போதுதான் கவனித்தான், தான் நின்று எவ்வளவோ நேரமாகியிருந்தது.