ஊற்றாமல் வைத்த பால்

கேதீஸ்வரனுக்கு வெளியே ஒரு குரல், வீட்டுக்குள் ஒரு குரல். கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுவது அவன் தொழில். கம்பத்தில் ஏறி நின்று கீழே நிற்பவர்களை அதட்டினான் என்றால் அடுத்த ஊருக்கு மைக் இல்லாமலே கேட்கும். அதே ஆள் உடுவிலில் தன் வீட்டுப் படலையைத் திறந்துவிட்டால் பெட்டிப்பாம்பு. அங்கே சட்டம் போடுவது மனைவி நிவேதனா. உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிற ரீச்சர். அவள் சொன்னால் சொன்னதுதான். கல்யாணமான ஒன்பது வருசத்தில் அவன் அவள் சொல்லைத் தட்டியதே இல்லை, அந்த மார்கழி வரைக்கும்.

திருவெம்பாவைப் பூசைக்காக அளவெட்டியில் விடியப்புறப் பனியில் பத்து நாள் நின்றதில் இருமலும் காய்ச்சலும் வந்து சேர்ந்தன. இரண்டு நாள் சுருண்டு கிடந்தான், எழும்பிவிட்டான். அவன் எழும்பிய அன்றே நிவேதனா படுத்தாள். இன்புளுவென்சா வைரசு என்று டாக்குத்தர் சொன்னார். வீட்டில் இருபத்துநான்கு நாள் பெண்குழந்தை. ஒன்பது வருசம் காத்திருந்து பெற்ற பிள்ளை; முப்பத்தொன்றாம் நாள் துடக்கு கழியாததால் இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. அவளுடைய தாயும் தமக்கையும் கனடாவில். அவனுக்குத் தாயில்லை. வீட்டில் இருந்தது இவர்கள் மூன்று பேர்தான்.

பால் கொடுப்பதைப் பற்றி நிவேதனா டாக்குத்தரிடம் கேட்கவில்லை. தெரிந்த விசயத்தை யாராவது கேட்பார்களா?

"கிருமி உள்ளுக்கு வந்தாப் பிறகு, அதுக்குப் பொருத்தமான பிறபொருளெதிரி, அதுதான் அன்ரிபொடி, உருவாக ஒரு கிழமை செல்லும்," என்று கட்டிலில் இருந்தபடி அவனுக்கு விளங்கப்படுத்தினாள். பழைய கொப்பி ஒன்றில் கோடு கீறியும் காட்டினாள். "இண்டைக்கு என்ரை உடம்பிலை இருக்கிறது வைரசு மட்டும்தான். ஆயுதம் இன்னும் வரேல்லை. அந்தப் பாலைப் பிள்ளைக்குக் குடுக்கேலாது. பீச்சித் தாறன், கொண்டுபோய் ஊத்துங்கோ. கடையிலை மாப்பால் பேணி வாங்கிக் கரைச்சுக் குடுங்கோ."

சாதாரண தரத்தில் விஞ்ஞானத்தை மூன்றாம் முறைதான் பாஸ் பண்ணியவன் கேதீஸ்வரன். அவன் தலையாட்டினான்.

ஆனால் கோப்பையும் கையுமாகப் பின்வளவுக்குப் போனதும் கால் நின்றுவிட்டது. தாய்ப்பாலைக் கால் படுகிற இடத்தில் ஊற்றக்கூடாது, எறும்பு மொய்க்கவும் விடக்கூடாது. ஊற்றினால் தாய்க்குப் பால் வற்றிப்போகும் என்று அவன் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். முருங்கையடியில் எறும்புப் புற்று. குசினித் தண்ணீர் ஓடுகிற வாழைப்பாத்தியை நாளுக்கு நாலு தரம் அவனே மிதிக்கிறான். கிணற்றுக்குள் ஊற்ற முடியுமா? கோப்பையோடு வளவை இரண்டு சுற்றுச் சுற்றினான். ஊற்ற மனமும் வரவில்லை, இடமும் கிடைக்கவில்லை. கடைசியில் கொதிதண்ணீரில் கழுவிய சின்னப் போத்தலில் விட்டு மூடி, பிறிட்ஜில் கறிவேப்பிலைப் பைக்குப் பின்னால் ஒளித்து வைத்தான்.

"ஊத்திட்டீங்களோ?"

"ஓம்."

அன்று முழுக்க நாலு போத்தல் சேர்ந்தன.

மாப்பால் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. கரண்டியை உதட்டில் வைத்தால் முகத்தைச் சுளித்தது, போனது பாதி வாந்தியாக வந்தது. அறைக்குள் நிவேதனா காய்ச்சலில் அனுங்கினாள். வெளியே பிள்ளை கத்தியது. மடியில் வைத்து ஆட்டினான், தோளில் போட்டு நடந்தான், திருவெம்பாவை பாடினான். அடுத்த நாள் மத்தியானம் பார்த்தால் பிள்ளை கடைசியாக இடுப்புத் துண்டை நனைத்து ஆறு மணித்தியாலம் ஆகியிருந்தது. பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை, மெல்லச் சிணுங்கியது. இத்தனை வருசம் கேட்டுக் கேட்டுக் கிடைத்த பிள்ளை கண்முன்னே பட்டினி கிடக்கிறது. பிறிட்ஜுக்குள்ளே பால் இருக்கிறது.

வைரசு மட்டும்தான் என்று அவள் சொன்னதும் காதில் ஒலித்தது. கொஞ்ச நேரம் பிறிட்ஜின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு முருகா என்று சொல்லி ஒரு போத்தலை எடுத்துச் சுடுதண்ணீரில் வைத்தான்.

பிள்ளை குடித்தது. கரண்டியைத் தேடித் தேடிக் குடித்தது. குடித்துவிட்டு அவன் போட்டிருந்த மாஸ்க்கைப் பார்த்து வாயைக் கோணலாக வைத்தபடி தூங்கிப்போனது. அதன்பிறகு மாப்பால் பேணி திறக்கப்படவே இல்லை. அவள் பீச்சித் தருவாள், அவன் ஊற்றிவிட்டேன் என்பான், முன்கூடத்தில் முதுகைக் காட்டியபடி இருந்து அதையே பருக்குவான்.

நாலாம் நாள் காலையில் பிள்ளை தும்மியது. ஒரு தரம், இரண்டு தரம். மூக்கு ஒழுகத் தொடங்கியது.

என் பிள்ளைக்கு நானே நஞ்சைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்துவிட்டேன் என்றுதான் கேதீஸ்வரன் நினைத்தான். மிட்வைஃப் பத்மாசினிக்குப் போன் எடுத்தான்.

பத்மாசினி அரை மணித்தியாலத்தில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். இருபது வருசமாக அந்தப் பகுதியில் பிள்ளை நிறுக்கிறவள். கையைக் கழுவினாள், வெப்பமானியைப் பிள்ளையின் கக்கத்தில் வைத்தாள். "முப்பத்தேழு. காய்ச்சல் இல்லை. ஆனா தம்பி, ஒரு மாசத்துக்கு உட்பட்ட பிள்ளை. முப்பத்தெட்டைத் தொட்டாலோ, மூச்சு இழுத்தாலோ, பால் குடிக்காட்டியோ, எனக்காகக் காத்திராதையுங்கோ, நேர ஆசுப்பத்திரிக்கு ஓடுங்கோ." தராசில் வைத்தாள். போன கிழமையைவிட நூற்றிருபது கிராம் கூட.

"பிள்ளை என்ன குடிக்குது?"

அறைவாசலில் மாஸ்க்கோடு நின்ற நிவேதனா பதில் சொன்னாள். "மாப்பால்தான் அக்கா. எனக்குக் காய்ச்சல் எண்டபடியால் மூண்டு நாளா நான் குடுக்கேல்லை."

பத்மாசினி பிள்ளையின் துண்டை விரித்துப் பார்த்தாள். நிவேதனாவைப் பார்த்தாள். திரும்பவும் துண்டைப் பார்த்தாள்.

"ரீச்சர், இருபது வருசமா நான் இதைத்தான் பாக்கிறன். இது மாப்பால் பிள்ளையின்ரை பீ இல்லை. நல்ல மஞ்சளா, இளக்கமா... இது தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை."

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? கேதீஸ்வரன் சுவரோடு ஒண்டிக்கொண்டு நின்றான்.

"நான்தான் குடுத்தனான்," என்றான். "ஊத்தேல்லை, நிவே. ஒரு நாளும் ஊத்தேல்லை. பிள்ளை பசியிலை கிடந்தது, என்னாலை பாக்க ஏலாமல் போச்சு. நீர் சொன்னதைக் கேக்காமல் குடுத்திட்டன். இப்ப மூக்கு ஒழுகுது." நெற்றியில் அடித்துக்கொண்டான். "என்னாலைதான்."

"உங்களுக்கென்ன விசரோ!" நிவேதனாவுக்குக் குரல் கம்மியிருந்தாலும் கோபம் கம்மவில்லை. "படிச்சுப் படிச்சுச் சொன்னனான்! பச்சைப் பிள்ளைக்கு..."

"ரீச்சர், கொஞ்சம் பொறுங்கோ," என்று பத்மாசினி மறித்தாள். "பிள்ளைக்குக் கிருமி பாலாலை வாறேல்லை. மூச்சாலைதான் வந்திருக்கும். நீங்கள் படுக்க முதலே தொத்தியிருக்கும். பாலிலை வந்தது வேறை சாமான்."

"ஒரு கிழமை செல்லுமே அக்கா..."

"அது இரத்தத்திலை நிறைஞ்சு வாறதுக்கு. நீங்கள் இவ்வளவு வருசமும் தடிமன், காய்ச்சல் எண்டு கண்டதுகளின்ரை பிறபொருளெதிரி முதல்நாள் பாலிலையே இருக்கு. இந்தக் கிருமியைக் கண்ட காவல் கலங்கள், அதுதான் செல்லுகள், உங்கடை தொண்டையிலை இருந்து கழுத்திலை இருக்கிற நிணநீர்க்கணுவுக்குப் போய், அதுக்குப் பொருத்தமான ஆக்களைத் தேடிப்பிடிச்சுப் பெருக்கும். அதிலை கொஞ்சப்பேர் மார்புக்குத்தான் வருவினம், பாலுக்கெண்டே பிறபொருளெதிரி செய்ய. அதைவிட வெள்ளை இரத்தக் கலங்கள் உயிரோடை பாலிலை இறங்கும். தாய்க்கோ பிள்ளைக்கோ வருத்தம் எண்டால் இன்னும் கூட இறங்கும். காய்ச்சல் எண்டது என்ன? உங்கடை ஆக்கள் உள்ளுக்கு அடிபடுகினம் எண்ட அறிகுறிதானே. இந்த நேரத்துப் பாலையோ ஊத்தச் சொன்னனீங்கள்?"

நிவேதனா வாசலிலேயே இருந்துவிட்டாள். எட்டு வருசம் கரும்பலகையில் எழுதிய பாடம். கேள்வித்தாளில் எத்தனை புள்ளி என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வாள். தன் சொந்த உடம்பு பிள்ளைக்காக மூன்று நாளாய்ப் பாடுபட்டதும், அதை ஊற்றிவிடச் சொல்லித் தான் நீட்டிக்கொண்டிருந்ததும் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மாஸ்க்குக்கு மேலே கண் நிறைந்து வழிந்தது.

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ," என்றாள் பத்மாசினி. "மாஸ்க்கைக் கழட்டாமல் குடுங்கோ."

பிள்ளை மார்பில் வாய் வைத்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முட்டி முட்டிக் குடித்தது. மூன்று நாளைக்குப் பிறகு நிவேதனா அதன் தலையைத் தடவினாள்.

கேதீஸ்வரன் மெல்லக் கேட்டான். "அக்கா, எனக்குத்தானே முதல் காய்ச்சல் வந்தது. என்ரை உடம்பும் உந்தச் சாமானைச் செய்திருக்குமோ?"

"செய்யாமல்? உங்களுக்குத்தான் எல்லாருக்கும் முதல்."

"அப்ப அதைப் பிள்ளைக்குக் குடுக்க ஒரு வழியும் இல்லையோ?"

பத்மாசினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்லைத் தம்பி. ஆம்பிளையளுக்கு அந்த வழியைக் கடவுள் வைக்கேல்லை."

அவன் தலையைக் குனிந்தான். நிவேதனா பிள்ளையின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"குடுத்தவர்தானே அக்கா, கரண்டியாலை."