அணைந்து அணைந்து போகும் வண்டி

கோவிந்தாபுரத்தில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய பைக், மலைமேல் இருக்கும் மாட்டுப்பட்டிக்கு வந்ததிலிருந்து தனபாலைப் படுத்தி எடுத்தது. முறுக்கினால் ஓடும், கையை விட்டால் கரும்புகை கக்கிவிட்டு அணைந்துபோகும். மனைவி ஜீவிதா போன வருஷம் இறந்தபின் வீட்டில் இருக்கப் பிடிக்காமல், தேயிலை பேக்டரியில் டிரைவர் வேலைக்கு வந்தவன் அவன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஒற்றை அறை கொடுத்திருந்தார்கள்.

நேற்று சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது, வளைவு தாண்டியதும் ரோட்டில் யானை நின்றது. தனபால் சட்டென்று பிரேக்கைப் பிடித்தான். வண்டி அணைந்துவிட்டது. உதைத்தால் சத்தம் கேட்டுத் திரும்பும் என்று பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தான். யானை அவனைப் பார்த்ததா என்றே தெரியவில்லை. ஒரு கொப்பை ஒடித்துத் தின்றுவிட்டு, சரிவில் நிதானமாக இறங்கிப் போனது.

அறைக்கு வந்ததும் போனை எடுத்து ஜீவிதாவின் பெயர்வரை போய்விட்டான். அப்புறம்தான் உறைத்தது. இதைச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள் என்று யோசித்தான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தான்.

இன்று ஞாயிறு. மலைமேல் காற்று லேசு. ஊரில் திருகி வைத்த அளவு, இங்கே காற்றுக்கு மிஞ்சிப் பெட்ரோலைக் கொடுக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். எஞ்சினைச் சூடாக்கி, அணையாமல் இருக்க ஐட்லிங்கைக் கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொண்டு, கார்ப்பரேட்டரில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்குரூவை மெல்லத் திறந்தான். சத்தம் ஏறியது. இன்னும் கொஞ்சம் திறந்ததும் தடுமாறியது. திரும்ப மூடினான்.

இந்த வேலையில் அவன் காதை அவனே நம்பியதில்லை. ஊரில் ஸ்குரூவைத் திருப்புவது அவன். அடுப்படியிலிருந்து, "ஏனுங்க, இப்பச் செரியாப் போச்சுங்க, உட்டுருங்க" என்று சொல்வது ஜீவிதா. ஒருநாளும் அவள் சொன்னது தப்பவில்லை.

திறந்தான், மூடினான். எல்லாச் சத்தமும் ஒன்றுபோலவே கேட்டது.

"செரியாயிருச்சா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டான்.

பக்கத்து வாசலில் துணி அலசிக்கொண்டிருந்த எப்சிபா நிமிர்ந்தாள். "என்னண்ணே, என்னையவா கேட்டீக?"

தனபாலுக்கு வெட்கமாகிவிட்டது. "இல்லீங்க... ஆமாங்க. வண்டிச் சத்தம் சீரா இருக்குதுங்களா?"

"எனக்கு என்னண்ணே தெரியும், வண்டியப் பத்தி?" என்று சிரித்தபடி வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

தனபால் கண்ணை மூடிக்கொண்டான். ஸ்குரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினான். ஓரிடத்தில் எஞ்சின் இறுக்கம் விட்டு, ஒரே மூச்சாக ஓடியது. அங்கேயே நிறுத்தினான். ஏற்றி வைத்த ஐட்லிங்கைப் பழையபடி இறக்கினான். வண்டி அணையவில்லை.

சரியாக இருக்கிறது என்று சொல்ல யாரும் இல்லை. போகவேண்டிய இடமும் இல்லை. ஆனாலும் சாவியைத் திருப்பி அணைக்க மனம் வராமல், குளிரில் குந்தியபடி அவன் வெகுநேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.