மேட்டு மூலைக்கு ஒரு சிவப்பு ஊசி

மூடிக் கிடந்த பேட்டரி ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில், ஆலை நிலத்தின் வரைபடம் மேசை நீளத்துக்கு விரிந்திருந்தது. நடுவே பூங்கா, ஓரமாகப் பட்டறைகள், மேட்டு மூலையில் காய்கறித் தோட்டம். அக்கம்பக்கத்தார் மூன்று மாதம் தொண்டை கிழியச் சண்டை போட்டுத் தீட்டிய திட்டம். இன்று கடைசி வேலை. ஆலையில் வேலை பார்த்தவர்கள், கழிவு கிடக்கும் இடங்களில் சிவப்புக் குண்டூசி குத்த வேண்டும். குத்திய இடத்தில் மண் சோதனை. குத்தாத இடத்தில் நாளையே மண்வெட்டி.

கிடங்கக்காவின் உள்ளங்கையிலும் ஓர் ஊசி இருந்தது. இருபது வருடம் ஆலைக் கிடங்கின் சாவி அவள் இடுப்பில்தான். மேட்டு மூலையில் ஈயக் கழிவுப் பீப்பாய்கள் புதைந்திருப்பது, ஊரில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். சொல்வாளா? தோட்டப் பொறுப்பு கிடைத்திருப்பது யாருக்கு? ஓரகத்திக்கு! மாமியார் வீட்டைத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டு, இவளைச் சட்டி பானையோடு தெருவில் நிறுத்திய மகராசிக்கு!

நடட்டும். போட்டதெல்லாம் கருகட்டும். ஊரே காறித் துப்பட்டும். நினைக்கவே கிடங்கக்காவுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

மேசைக்கு எதிரே நின்ற ஓரகத்தி சும்மா இருப்பாளா? "முதல் பறிப்பு பள்ளிக்கூடச் சமையலுக்குத்தான். உங்க கடைக்குட்டியும் அங்கதானே சாப்பிடுறா, அக்கா? நல்லாச் சாப்பிடட்டும், பாவம்!"

அந்தப் 'பாவம்' சுருக்கென்று தைத்தது. கிடங்கக்கா, மண் சோதனைக்கு வந்திருந்த பொறியாளர் பக்கம் மெதுவாகச் சாய்ந்தாள். "ஏன் தம்பி, ஈயம் கலந்த மண்ணுல கீரை கருகிடுமில்ல?"

"எங்கம்மா கருகும்? பார்க்கத் தளதளன்னுதான் இருக்கும். தின்ன பிள்ளைங்களுக்குத்தான் மூளை கெடும்."

அடுத்த நொடி ஊசி மேட்டு மூலையில் நின்றது.

"பார்த்தீங்களா!" ஓரகத்தி கை தட்டினாள். "என் தோட்டம்னதும் இவங்களுக்கு விஷம் தெரியுது. அத்தனையும் வயித்தெரிச்சல்!"

கூடம் சிரித்தது. அதையும் குறை சொல்ல முடியாது. இருவரின் சண்டையையும் நாலு வருடமாகக் காசு கொடுக்காமல் பார்த்த கூட்டம், எப்படி நம்பும்?

"நாந்தான்டி புதைச்சேன்!" கிடங்கக்கா மேசையில் அறைந்தாள். "முதலாளி சொன்னாரு, வெளியூர் ஆளுங்களை விட்டு, பக்கத்துல நின்னு நாந்தான் இறக்க வச்சேன். தோண்டிப் பாருங்க!"

சிரிப்பு நின்றது. கிடங்கக்கா ஓரகத்தியின் பக்கம் திரும்பினாள்.

"உன்மேல இருக்கிற ஆத்திரம் அப்படியேதான் இருக்கு. வீட்டு விஷயத்துக்கு உன்னைக் கோர்ட்டுல பார்த்துக்கிறேன். ஆனா ஊர் நிலத்துல ஒருத்தியப் பழிவாங்கணும்னு உண்மையை மறைச்சா, அவ மட்டுமா சாவா? ஊர்ப் பிள்ளைங்க மொத்தமும் சாகும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிறது, சோத்துல விஷம் வைக்கிறதுக்குச் சமம்டி!"