எட்டு மணிக் கூட்டம்

தம்பி வந்துவிட்டான் என்று தெரிந்த பிறகுதான் நிமியா தலைக்குக் குளிக்க முடிவு செய்தாள். சனிக்கிழமையில் அவள் தலைக்கு ஊற்றிக்கொள்வதே இல்லை. எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சமையல்காரி பசிலியா வந்து, தெர்லிஸ் ஐயா கும்பலோடு வந்து முன்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னாள். அதைக் கேட்டதும் நிமியா வாளியைக் குழாயடியில் வைத்துவிட்டுச் சாவகாசமாகக் கொண்டையை அவிழ்த்தாள். முன்கூடத்து மின்விசிறி போன வாரமே நின்றுபோயிருந்தது. கூட்டம் முடியட்டும் என்று அவள்தான் ரிப்பேருக்கு ஆள் சொல்லவில்லை. மார்ச் மாதத்திலும் அசுன்சியோன் நகரத்தில் காலை ஏழு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டும். நன்றாகப் புழுங்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அறுபத்தொரு வயது. மனதில் அப்போது இருந்தது பச்சைக் குழந்தையின் சந்தோஷம்.

"தெரெரே கொண்டு போய்க் குடுக்கவா?" என்றாள் பசிலியா. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஐஸ் போட்ட மூலிகைத் தண்ணீரான தெரெரே போக வேண்டும். எதிரிக்கும் அது உண்டு.

"குடு. ஐஸ் கம்மியாப் போடு."

கூட்டத்துக்கான நோட்டீஸில் முதல் அழைப்பு எட்டு மணி, இரண்டாம் அழைப்பு ஒன்பது மணி என்றுதான் எப்போதும் போடுவார்கள். வீட்டை நடத்துகிற அறக்கட்டளையில் குடும்பத்து ஆட்கள் பதினோரு பேர் உறுப்பினர்கள். எட்டு மணிக்கு ஆறு பேர் இருந்தால்தான் கோரம், அதாவது குறைந்தபட்ச எண்ணிக்கை, சேர்ந்து கூட்டம் செல்லும். ஒன்பது மணிக்கென்றால் வந்தவர்கள் போதும், மூன்று பேர் இருந்தாலும் செல்லும். அந்த நகரத்தில் கால்பந்து கிளப்பிலிருந்து கல்லறைக் கமிட்டி வரைக்கும் எல்லாருக்கும் இதே விதிதான். முதல் அழைப்புக்கு யாராவது வந்தார்கள் என்று கேள்விப்பட்டால் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பார்கள் என்றுதான் அர்த்தம். எட்டு மணி என்பது காகிதத்துக்கு, ஒன்பது மணி என்பது மனிதர்களுக்கு. நிமியா ஒன்பது பத்துக்குத்தான் கூடத்துக்குள் நுழைவாள். பத்தொன்பது வருடமாக அப்படித்தான்.

மினிட் புத்தகமும் அவள் கையில்தான். முதல் பத்தியை முந்தின நாள் மாலையே எழுதி வைத்துவிடுவாள். 'எட்டு மணிக்குக் கோரம் இல்லை. விதிப்படி ஒரு மணி நேரம் காத்திருந்து, ஒன்பது மணிக்கு இரண்டாம் அழைப்பின்படி கூட்டம் தொடங்கியது.' வருடத்தை மட்டும் மாற்றினால் போதும். இந்த வருடமும் எழுதி, மை காய்ந்து, புத்தகம் அவள் கட்டிலின் மேல் கிடந்தது.

இந்த வீட்டை அறக்கட்டளைக்கு எழுதிவைத்தவள் அவர்களுடைய அம்மா. கடைசித் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது, தங்க இடமில்லாமல் மருத்துவமனை வளாகத்து மாமரத்தடியில் நாற்பது நாள் படுத்துக் கிடந்தவள். பையன் பிழைக்கவில்லை. கணவர் போன பிறகு, மருத்துவமனைக்கு மூன்று தெரு தள்ளி இருந்த வீட்டை, தொலைதூரத்திலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவரும் தாய்மார்கள் தங்குவதற்கு என்று விட்டுவிட்டாள். பதினான்கு கட்டில்கள். அம்மாவுக்குப் பிறகு நிமியாதான் தலைவி. பின்பக்கத்து ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு, யார் எப்போது குளிப்பது என்பது முதல் விளக்கை எப்போது அணைப்பது என்பது வரை அவள் வைத்ததுதான் சட்டம். தெர்லிஸுக்கு வேறு யோசனை. மூன்று தெரு கூடும் இடத்தில் இருக்கிற வீட்டை ஒரு மருந்துக்கடைக்காரனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, நகருக்கு வெளியே அறுபது கட்டிலோடு புதுக் கட்டடம் கட்ட வேண்டும். அங்கிருந்து மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

அவன் பக்கம் ஐந்து பேர். இவள் பக்கம் இவளோடு சேர்த்து ஆறு. அதனால்தான் அவளால் இவ்வளவு நிதானமாகத் தலைக்கு சோப்புப் போட முடிந்தது.

போன மார்ச்சில் கூட்டத்தன்று கொட்டு கொட்டென்று மழை. தெருவெல்லாம் ஆறாக ஓடியது. தெர்லிஸின் கார் நாலு தெரு தள்ளி இடுப்பளவு தண்ணீரில் நின்றுபோய், போனில் கெஞ்சினான், அரை மணி நேரம் பொறு என்று. நிமியா பொறுக்கவில்லை. அன்றைக்கு மட்டும் சரியாக ஒன்பதுக்கே வந்து, மூன்றே பேரை வைத்துக்கொண்டு அவனுடைய கட்டடத் திட்டத்தைத் தள்ளுபடி செய்தாள். கையோடு இன்னொரு தீர்மானமும் போட்டு, பிள்ளைகளின் விளையாட்டு அறையைப் பூட்டி அதில் இரண்டு கட்டில் போட்டாள். நனைந்த செருப்போடு வந்து கத்திய தம்பியிடம், "நோட்டீஸ்ல எட்டு மணின்னுதான் போட்டிருக்கேன். வரணும்னு நினைக்கிறவன் எட்டுக்கு வந்திருப்பான்" என்றாள். அந்தப் பதிலை அவளே பிறகு நாலைந்து பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

பசிலியா திரும்பி வந்தாள். "சுனில்தாம்மாவும் வந்திருக்காங்க."

சுனில்தா கடைசித் தங்கை. இவள் பக்கத்து ஆள். நுரை கண்ணில் இறங்காமல் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிமியா, நல்லதாகப் போயிற்று, அவள் அங்கேயே உட்கார்ந்து காது கொடுக்கட்டும், பிறகு வந்து எல்லாவற்றையும் சொல்வாள் என்றாள். ஐந்தோடு ஒன்றைக் கூட்டிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

துண்டைக் கட்டிக்கொண்டு மேசை விசிறியின் முன் உட்கார்ந்தபோது கைதட்டும் சத்தம் கேட்டது. பெல் இருக்கிற வீட்டிலும் அந்த ஊர்க்காரர்கள் கேட்டில் நின்று கைதான் தட்டுவார்கள். "வாசல்ல யாரு பாரு, புது ஆளா இருக்கும்" என்றாள். பசிலியா போய்ப் பார்த்துவிட்டு வந்து, கேட்டில் யாருமே இல்லையே என்றாள். யாராவது போக்கிரிப் பசங்களாக இருக்கும் என்று நிமியா விட்டுவிட்டாள்.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஈரத் தலையில் துண்டோடு, கக்கத்தில் மினிட் புத்தகத்தோடு கூடத்துக்குப் போனாள். சீக்கிரம் வந்து அவர்களுக்குப் பெரிய உபகாரம் செய்வதாக நினைப்பு. எல்லாரும் சிப்பா ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். தெர்லிஸ், அவனுடைய இரண்டு மகன்கள், ஒன்றுவிட்ட சகோதரர்கள் இரண்டு பேர். சன்னலோரம் தலையைக் குனிந்துகொண்டு சுனில்தா. நடுமேசையில் நீலச் சட்டை போட்ட ஒரு பெண் ரப்பர் ஸ்டாம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நோட்டரி என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"வாக்கா, உக்காரு," என்றான் தெர்லிஸ். "முடிஞ்சிடுச்சு."

"என்னடா முடிஞ்சிது?"

"கூட்டம். எட்டு மணிக்கு ஆறு பேர் இருந்தோம். நோட்டரியம்மா ஒவ்வொருத்தர் பேரா கூப்பிட்டாங்க. உன் பேரை மூணு தடவை கூப்பிட்டாங்க. நீ குளிச்சுக்கிட்டிருந்த."

யார் தலைவர், வீடு என்ன ஆகப்போகிறது என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. கைதட்டல் எதற்கு என்று இப்போது புரிந்தது. எட்டு மணிக்கு ஒரு தடவை இந்தக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்து சுனில்தாவை ஒரு முறை முறைத்திருந்தால் போதும். அவள் எழுந்து போயிருப்பாள், ஆறு ஐந்தாகியிருக்கும். சோப்பு நுரைக்குப் பத்தொன்பது வருடத்தைக் கொடுத்தாயிற்று.

"எட்டு மணிக்கு எவன்டா கூட்டம் நடத்துவான்?"

"வரணும்னு நினைக்கிறவன் எட்டுக்கு வந்திருப்பான்," என்றான் தெர்லிஸ். ஒரு வருடமாக வாயில் அடக்கி வைத்திருந்த வாக்கியம் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. மகன்களில் ஒருவன் சிரிப்பை மறைக்க ரொட்டியைக் கடித்தான்.

நிமியா தங்கையைப் பார்த்தாள்.

"நான் கை தூக்கலக்கா," என்றாள் சுனில்தா. "வந்து உக்காந்தேன், அவ்வளவுதான்."

"நீ உக்காந்ததே போதும்டி அவனுக்கு."

"நாலு வருஷம் சனிக்கிழமை தவறாம அந்த விளையாட்டு ரூம்ல புள்ளைங்களோட உக்காந்தேன். பூட்டுறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டியா? பெயின்ட் டப்பாவும் கையுமா வந்து பூட்டைப் பாத்துக்கிட்டு நின்னேன். யாருமே சொல்லல."

ரெண்டு கட்டில் போட இடமில்லாமல்தானே பூட்டினேன் என்று சொல்ல வந்தவள், அது தெர்லிஸ் பேசுகிற பேச்சு என்று உறைத்ததும் வாயை மூடிக்கொண்டாள். அந்த ஆத்திரம் தம்பி மேல் திரும்பியது. மருந்து ஏற்றிய பிள்ளை வழியெல்லாம் வாந்தி எடுக்கும், அதைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டாள். வேன் விடுவோம் என்றான். போன மழைக்கு உன் கார் மிதந்த லட்சணம் ஊருக்கே தெரியும் என்றாள். அவன் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"உன்கிட்ட பதினாலு கட்டில் இருக்கு, ரூம் பூட்டினதையும் சேத்தா பதினாறு," என்றான். "இடமில்லன்னு வாசல்லயே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கக்கா? அவங்கெல்லாம் எந்த மரத்தடியில படுத்தாங்க?"

அவளுக்கு எண்ணிக்கை தெரியும்.

நோட்டரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மினிட் புத்தகம் வேண்டும் என்று கேட்டாள். நிமியா கொடுக்கவில்லை. மேசையில் வைத்தாள், அவ்வளவுதான். நோட்டரி அன்றைய தேதி போட்டிருந்த பக்கத்தைத் திறந்து, எந்த உள்நோக்கமும் இல்லாமல் சத்தமாகவே படித்தாள்: "எட்டு மணிக்குக் கோரம் இல்லை. விதிப்படி ஒரு மணி நேரம் காத்திருந்து..." அங்கே நிறுத்தி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதாக இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது நிமியாவுக்கு. நோட்டரி ஸ்கேலை வைத்து அந்தப் பத்தியின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டுவிட்டு, கீழே எழுத ஆரம்பித்தாள்.

அப்போது கேட்டில் கை தட்டினார்கள். மூன்று தட்டு, சின்ன இடைவெளி, மறுபடி மூன்று.

சன்னல் வழியாகத் தெரிந்தது. பேருந்திலிருந்து இறங்கி நேராக வந்த ஒரு பெண், காலடியில் மூட்டை, பக்கத்தில் முகமூடி கட்டிய நாலு வயதுக் குழந்தை. தலையில் துணித்தொப்பி. தொப்பிக்குக் கீழே முடி இல்லை. வெயில் கேட்டின் மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. பசிலியா உள்ளேயிருந்து வரும் செருப்புச் சத்தம் கேட்டது. நிமியா அவளைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"போங்க, தலைவரே," என்றாள் தம்பியிடம். "வாசல்ல ஆள் நிக்குது."

தெர்லிஸ் ரொட்டித் துகளைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியே போனான். அந்தக் கேட்டு சும்மா திறக்காது. கீல் இறங்கி ஆறு வருடமாகிறது. முழங்காலால் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தாழ்ப்பாளை உள்பக்கமாக அழுத்தி இழுக்க வேண்டும். அவன் வெளிப்பக்கமாகத் தள்ளினான். பிறகு குலுக்கினான். பிறகு தாழ்ப்பாளை உள்ளங்கையால் குத்தினான். ஒருமுறை சன்னலைத் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லுக்கா," என்றாள் சுனில்தா மெதுவாக. "புள்ளை வெயில்ல நிக்குது."

நிமியாவுக்கு முழங்கால் தானாக அசைந்தது. நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஈரத்துண்டிலிருந்து தண்ணீர் முதுகில் இறங்கியது. தூக்கிப் பிடி என்று இங்கேயிருந்து ஒரு குரல் கொடுத்தால் போதும். அவள் பற்களைக் கடித்துக்கொண்டு சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணுக்கு, இந்த வேர்த்து வழிகிற மனிதன் யார், திறக்க வந்தவனா அடைக்க வந்தவனா என்று தெரியவில்லை. அவனைத் தாண்டி வீட்டுக்குள் பார்த்துக்கொண்டு இன்னும் பலமாகக் கை தட்டினாள். குழந்தை அம்மாவை அண்ணாந்து பார்த்தது. பிறகு அதுவும் தன் பங்குக்கு இரண்டு கையையும் சேர்த்துத் தட்ட ஆரம்பித்தது.