சேலை மறைக்காத பக்கம்

"தலைமயிர் கொட்டுமோ?"

கணேசலிங்கம் டொக்டரிடம் முதலில் கேட்ட கேள்வி அதுதான். பக்கத்துக் கதிரையில் அவருடைய மனைவி யோகராணி இருந்தாள். புற்றுநோய்க்காக அவளுடைய பெருங்குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்த காயம் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது.

டொக்டர் இரண்டு வழிகளைச் சொன்னார். நெஞ்சுத் தோலுக்கடியில் சிறு குழாய் வைத்து ஆறு மாதம் மருந்து ஏற்றுவது ஒன்று. வீட்டிலிருந்தபடி குளிசை மட்டும் விழுங்குவது மற்றது. நோய் நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருப்பதால் முதலாவதுதான் நல்லது, திரும்பி வரும் ஆபத்தை அது கூடுதலாகக் குறைக்கும் என்றார். பிறகு யோகராணியைப் பார்த்து அவளுடைய விருப்பத்தைக் கேட்டார்.

"வீட்டில கதைச்சுப்போட்டுச் சொல்லுறம்" என்றார் கணேசலிங்கம்.

பிளாக்டவுன் வீட்டில் கதைத்தது அவரும் அவருடைய தங்கை தாட்சாயினியும். யோகராணி குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"குழாய் சட்டைக்கு மேலால புடைச்சுத் தெரியும் அண்ணா. பிள்ளையைப் பாக்க மாப்பிள்ளை வீட்டார் வாற நேரத்தில இது தேவையோ? தாய்க்குக் கான்சர் எண்டா பிள்ளைக்கும் வருமெண்டு ஓடிடுவினம்."

"அப்ப குளிசை எண்டு சொல்லுவம்."

"மச்சாளிட்ட ஒருக்காக் கேளுங்கோவன்."

"அவளிட்ட என்னத்தைக் கேக்கிறது? நான் சொன்னாச் சரிதான்."

மகள் மிருணாளினியிடம்கூட ஹேர்ணியா ஒப்பரேஷன் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

கணேசலிங்கத்துக்கு இருதயத்தில் அடைப்பு வந்தபோது மேய்ஸ் ஹில் கோயில் முருகனுக்கு அபிஷேகம் நடந்தது. சனம் முறை வைத்துச் சூப் கொண்டுவந்தது. தன்னுடைய நோயை மட்டும் ஏன் களவெடுத்த பொருளைப் போல ஒளிக்க வேண்டும் என்று யோகராணி யோசித்தாள். யோசித்துவிட்டுக் குளிசையை விழுங்கினாள். மகளின் கலியாணம் என்று சொன்ன பிறகு தன் உயிரைக் கேட்பது பேராசைபோல அவளுக்கே கூச்சமாக இருந்தது.

குளிசையின் இரண்டாம் சுற்றில் அவளுடைய உள்ளங்கைகள் சிவந்து தோல் உரிந்தன.

மாப்பிள்ளை வீட்டார் வந்த ஞாயிற்றுக்கிழமை, "மாப்பிள்ளையின்ர தாய் நேர்ஸ். கையைக் காட்டாதேங்கோ மச்சாள்" என்றாள் தாட்சாயினி. ஆனால் தேத்தண்ணியை நீட்டக் கை வேண்டுமே. மாப்பிள்ளையின் தாய் கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"கீமோக் குளிசை எடுக்கிறியளோ? குடலிலயோ?"

யோகராணி தலையாட்டினாள். கணேசலிங்கம் வெளிறிப்போய் எழுந்துவிட்டார்.

"பயப்பிடாதேங்கோ. எங்களுக்குப் பிள்ளையைப் பிடிச்சிருக்கு. ஆனா கலியாணத்தைத் தை மாதம் வரைக்கும் இழுக்க வேண்டாம், ஆவணியிலயே வைப்பம். இடையில ஒண்டு நடந்திட்டா ஆண்டுத் திவசம் முடியுமட்டும் பிள்ளையள் காத்திருக்க வேணுமெல்லே."

"உங்களுக்குப் பெரிய மனசு" என்று கணேசலிங்கம் கைகூப்பினார்.

நோயை அறிந்த அந்த ஒருத்திகூட நாளைப் பற்றித்தான் பேசினாள். இந்த மருந்து போதுமா என்று கேட்கவில்லை. யோகராணியின் கை இன்னும் அவளுடைய பிடியில்தான் இருந்தது. அதை மெல்ல உருவி எடுத்தாள்.

"அம்மா, வாட் இஸ் ஷீ டோக்கிங் அபவுட்?" என்றாள் மிருணாளினி.

"எனக்குக் குடலில கான்சர், பிள்ளை. ஹேர்ணியா இல்லை. உன்னையும் சோதிக்க வேணும். அதை உனக்கு முதலே சொல்லியிருக்க வேணும், சொல்லேல்லை." யோகராணி கணவனின் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு டொக்டரிட்டப் போறன். குழாய் வைச்சு மருந்து ஏத்தச் சொல்லப்போறன்."

"ஆக்களுக்கு முன்னால என்ன கதை கதைக்கிறாய்?" கணேசலிங்கம் பல்லைக் கடித்தார்.

சுவரில் தொங்கிய கோயில் கலண்டரில் ஆவணி முகூர்த்தம் தேடிக்கொண்டிருந்த தாட்சாயினி, திரும்பாமலே சமாதானம் செய்தாள்.

"விடுங்கோ அண்ணா. மச்சாள், குழாயை இடப்பக்கம் வைக்கச் சொல்லுங்கோ. சேலைத் தலைப்பு அந்தத் தோளிலதானே, கலியாணப் படத்தில தெரியாது."

"வலப்பக்கம்தான் வைக்கச் சொல்லுவன்" என்றாள் யோகராணி.