ஒன்பது லிட்டர் பேச்சு

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தெருவில் யாரும் அதைச் செலவழிப்பதில்லை. கார் ஷோரூமில் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிற அவன், "லிட்டருக்கு இருபத்திரெண்டு, கண்ணை மூடிக்கிட்டு கொடுக்கும் சார்" என்று சொல்லிச் சொல்லியே, ஒரே மாடலை இந்தத் தெருவில் மட்டும் ஐந்து வீடுகளின் தலையில் கட்டிவிட்டான். ஐந்தில் ஒன்றாவது இருபத்திரெண்டை எட்டிப் பார்த்ததா என்றால், இல்லை. வண்டிகளுக்கு வராத அந்த எண் அவனுக்குப் பெயராக வந்து ஒட்டிக்கொண்டது. "என்ன இருபத்திரெண்டு, சௌக்கியமா?" என்று சலூன்காரர்கூட முகத்தில் சோப்பைத் தடவிக்கொண்டே கேட்பார்.

ஐந்தாவது வண்டியை வாங்கியவர் தராசு. இதுவும் தெரு வைத்த பெயர்தான். அவர் எடையளவு ஆய்வாளர். கடைகளில் படிக்கற்களைச் சோதிப்பார். பெட்ரோல் பங்கில் ஐந்து லிட்டர் அளவைக் குடுவையை நீட்டி, கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றாலும் பம்ப்புக்கு சீல் வைப்பார். அவர் தெருமுனையில் தலையைக் காட்டினால் மளிகைக்கடைத் தராசு தானாகவே நேராக நிற்கும் என்று பேச்சு.

உலகத்தில் எத்தனையோ வீடு இருக்க, நம் இருபத்திரெண்டு அவர் மகளைப் போய்க் காதலித்துத் தொலைத்தான். அவள் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். ஊருக்கெல்லாம் பார்வையைத் திருத்துகிறவள் இவனிடம் எதைக் கண்டாள் என்று அக்கம்பக்கத்துக்கு இன்றுவரை விளங்கவில்லை. அப்பா வேறு இடத்தில் பேச்சை எடுப்பதற்குள் நேரில் போய்க் கேட்டுவிட வேண்டும் என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். கேட்பதற்குத்தான் வாய் வரவில்லை. எதிரில் பார்க்கும்போதெல்லாம் தராசு அவனை நிறுத்துப் பார்ப்பார். "பத்து நிமிஷத்துல போகணும் சார்" என்றால், "கம்பெனிக் கணக்குப் பத்தா, ரோட்டுக் கணக்குப் பத்தா?" என்பார். இப்படிப்பட்டவரிடம் போய், "உங்கள் மகளைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுவேன்" என்று எப்படிச் சொல்வது? முப்பது சதவீதம் கழித்துக்கொண்டுதானே கேட்பார்!

ஒரு சனிக்கிழமை தராசே கூப்பிட்டு அனுப்பினார். விஷயம் கனிந்துவிட்டது என்று நினைத்து, மடிப்புக் கலையாத சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். கூடத்து மேசையில் ஒரு நோட்டு விரித்து வைக்கப்பட்டிருந்தது.

"உக்காருங்க தம்பி. நீங்க இருபத்திரெண்டுன்னீங்க. முதல் ஆறு மாசம் பதினாறு வந்துச்சு. சரி, விக்கிறவன் வாய் அப்படித்தான்னு விட்டுட்டேன். இப்ப மூணு வாரமா பன்னண்டு. என் பெட்ரோல் எங்க போகுது?"

"பங்க்ல அளவு ஏதாச்சும்..." என்று இழுத்தான்.

"யார்கிட்ட சொல்றீங்க? போன மாசம்தான் நானே சோதிச்சேன். அஞ்சுக்கு அஞ்சு, சுத்தமா நிக்குது."

சமையலறை வாசலில் நின்றிருந்த மகள் தன் கால் கட்டைவிரலையே பரிசோதித்துக்கொண்டிருந்தாள். பெட்ரோல் எங்கே போகிறது என்று அவர்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும். மூன்று வாரமாக, கடை முடிந்ததும் அவள், வேலைக்கு எடுத்துப்போகிற அப்பாவின் வண்டியை ஷோரூமுக்குப் பின்னால் இருக்கிற பார்க்கிங் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குக் கொண்டுவருவாள். இவன் ஏறிக்கொள்வான். அதற்கப்புறம் வண்டி ஓர் அடி நகராது. வெயில் காலம் இல்லையா, எஞ்சின் ஓடும், ஏசி ஓடும், பேச்சு ஓடும். தினம் அரை மணி நேரம். கிலோமீட்டர் ஏறாமல் பெட்ரோல் மட்டும் இறங்கும். கார் விற்கிறவனுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். அந்த அரை மணி நேரம் அவன் கார் விற்கிறவனாக இல்லை, அவ்வளவுதான்.

"வண்டில ஒரு குறையும் இருக்காது சார்" என்றான். வாய் பழக்கத்தில் வந்துவிட்டது.

"அப்ப நாளைக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டிக் காட்டுங்க. பழையபடி பதினாறு வந்தா உங்க வார்த்தைக்கு ஒரு மதிப்பு உண்டுன்னு எடுத்துக்கறேன். வரலேன்னா, எந்த விஷயமா இருந்தாலும் இந்த வாசல்ல வந்து நிக்காதீங்க."

அந்த 'எந்த' கொஞ்சம் கனமாகவே விழுந்தது.

மறுநாள் காலை பங்கில் பம்ப் தானாக நிற்கும்வரை நிரப்பினார்கள். "இன்னும் கொஞ்சம் விடட்டுமா?" என்று கேட்ட பங்க்காரரை தராசு பார்த்த பார்வையில் அவர் இரண்டடி பின்வாங்கினார். வீட்டுப் பாரம் இல்லாமல் சோதனை செல்லாது என்று மனைவியையும் மகளையும் பின்சீட்டில் ஏற்றினார். தான் நோட்டோடு முன்னால் உட்கார்ந்தார்.

"கம்பெனில சோதிக்கறப்ப உள்ள யாரு இருப்பா?"

"டிரைவர் மட்டும்தான் சார். ரூமுக்குள்ள உருளை மேல வண்டியை நிறுத்தி, சக்கரத்தைச் சுத்தவிட்டு அளப்பாங்க. மேடு கிடையாது, எதிர்க்காத்து கிடையாது."

"அடப்பாவி! அப்ப நின்ன இடத்துல நிக்கிற வண்டிக்குத்தான் இருபத்திரெண்டா?"

நின்ன இடத்துல என்றதும் இருபத்திரெண்டுக்குப் புரையேறியது. பின்சீட்டிலிருந்து தண்ணீர் பாட்டில் அவசரமாக நீண்டது.

"பின்னால பொண்டாட்டி உக்காந்து 'பாத்து, பாத்து'ன்னு சொல்லாம இருந்தா எந்த வண்டியும் இருபத்திரெண்டு கொடுக்கும்" என்றாள் தராசின் மனைவி.

அவன் ஓட்டினானே ஓர் ஓட்டு! தூங்குகிற குழந்தையை மடியில் வைத்திருப்பவன் மாதிரி உட்கார்ந்து, சிக்னல் சிவப்பாவதற்கு அரைப் பர்லாங் முன்பே காலை எடுத்துவிட்டான். ஒரு சைக்கிள்காரர் முந்திப்போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"நடந்து போறவங்க நமக்குத் துணைக்கு வரட்டுமான்னு கேக்கப் போறாங்க" என்றாள் தராசின் மனைவி.

நூறு கிலோமீட்டர் முடிந்து, அதே பங்கில், அதே பம்ப்பில் மறுபடி நிரப்பினார்கள். ஐந்து புள்ளி ஒன்பது லிட்டர். தராசு வகுத்தார், சந்தேகம் தீர இன்னொரு முறை வகுத்தார்.

"பதினாறு புள்ளி ஒன்பது நாலு. பதினேழுன்னு போட மாட்டேன்" என்றார். ஆனால் கையை நீட்டினார். "வண்டி நல்ல வண்டிதான். நீங்களும்... சரி, வீட்டுக்கு வாங்க. பேசுவோம்."

கண்ணாடியில் மகளின் முகம் மலர்ந்ததை அவன் பார்த்தான். இருபத்திரெண்டு என்ன, அந்த நிமிஷம் அவன் லிட்டருக்கு நாற்பது கொடுத்திருப்பான்.

குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வண்டி நுழைந்தபோது வாட்ச்மேன் ரப்பர் குழாயால் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தராசின் பார்வை குழாயில் போய் நின்றது. கதவைத் திறந்து இறங்கினார்.

"பங்க் சரி. வண்டி சரி. அப்ப எவனோ டேங்க்லேருந்து உறிஞ்சறான். இங்க வாய்யா! அந்தக் குழாய் செடிக்கு மட்டும்தானா?"

"ஐயா, என்னங்கய்யா இது? என் ஸ்கூட்டரே பேட்டரில ஓடுது. பெட்ரோலை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்?"

"விக்கறதுக்கு ஆளா இல்ல? அசோசியேஷன் செயலாளர்கிட்ட இப்பவே சொல்றேன். நாளைலேருந்து நீ வர வேணாம்."

வாட்ச்மேன் கையிலிருந்து நழுவிய குழாய் அவர் செருப்பின் மேலேயே தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

இருபத்திரெண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மாடியில் கூடம் காத்திருக்கிறது, கைகூடக் குலுக்கியாகிவிட்டது. கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாதே என்றும் இல்லை, சொல் என்றும் இல்லை.

இறங்கினான்.

"அவர் எடுக்கல சார். ஏசி போட்டுக்கிட்டு வண்டி சும்மா நின்னாலே மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கும்."

"என் வண்டி எங்க நின்னுச்சு? நீ பாத்தியா?"

"பாக்கல சார். உள்ளதான் உக்காந்திருந்தேன்." பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தான். "உங்க பொண்ணுகூட."

தராசு நோட்டைத் திறந்தார், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். எண்கள் என்றால் அவருக்கு எந்தத் துக்கத்திலும் கை நிற்காது.

"மூணு வாரத்துல ஒன்பது லிட்டர் அதிகமா போயிருக்கு. அப்ப ஒன்பது மணி நேரம். இது கம்பெனிக் கணக்கா, ரோட்டுக் கணக்கா?"

"ரோட்டுக் கணக்கு சார். ஒன்பதரைகூட இருக்கும்."

தனக்குச் சாதகமாகத் திரிக்காமல் அவன் சொன்ன முதல் எண் அதுதான். தராசு பேனாவை நிறுத்திவிட்டு அவனை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஒன்பதரை மணி நேரம் என்னடா பேசுனீங்க?"

மகள் கதவைத் திறந்து இறங்கினாள். "உங்களைப் பத்தித்தாம்ப்பா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு."

"என் பெட்ரோலை எரிச்சு என்னைப் பத்தியே பேசியிருக்கீங்க!"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து நீங்க என்கிட்ட மொத்தமா ஒன்பதரை மணி நேரம் பேசியிருப்பீங்களா?" என்று வண்டிக்குள்ளிருந்தே கேட்டாள் மனைவி. அந்தக் குரலில் ஆச்சரியம் என்று ஒன்று மருந்துக்கும் இல்லை.

தராசு முதலில் வாட்ச்மேனிடம் போனார். குனிந்து குழாயை எடுத்து அவர் கையில் நேராகக் கொடுத்தார். "மன்னிச்சுக்கப்பா. தப்பா அளந்துட்டேன்" என்றார். அவர் உத்தியோகத்தில் இந்த வாக்கியத்தைச் சொன்னதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. இன்று மாலைக்குள் தெரு முழுக்கக் கேள்விப்பட்டுவிடும், அது வேறு விஷயம்.

அப்புறம் திரும்பி, தலையைச் சாய்த்து எதையோ கூர்ந்து கேட்டார். வண்டி இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. ஏசி ஜிலுஜிலு என்று யாருக்கோ வீசிக்கொண்டிருந்தது.

"முதல்ல அதை அணை. இத்தனை நடந்தும் ஓடவிட்டுட்டு நிக்கிறான் பாரு! இனிமே பேசறதா இருந்தா வீட்டுக்கு வந்து பேசு. மேல ஃபேன் இருக்கு."

இருபத்திரெண்டு எஞ்சினை அணைத்தான். தராசு சாவியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, படியேறினார்.